பெருநாளுக்கு மறுநாள் நம் வீடு



ரமளான் நெருங்கினால் ஊரில் எத்தனையோ ஏற்பாடுகள் நடக்கின்றன. பள்ளிவாசலுக்கு வெள்ளை அடிக்கிறோம். தராவீஹ் தொழவைக்க ஹாஃபிழ் ஏற்பாடு செய்கிறோம். நோன்புக் கஞ்சிக்கு அரிசியும் பருப்பும் யார் தருவது என்று ஜமாஅத்தில் உட்கார்ந்து பேசுகிறோம். ஆனால் நம் சொந்த வீட்டுக்கு என்ன ஏற்பாடு செய்கிறோம்? கணவனும் மனைவியும் உட்கார்ந்து, "இந்த நோன்பு மாதத்தை எப்படி நடத்தப் போகிறோம், பெருநாளுக்கு எவ்வளவு செலவு செய்யப் போகிறோம்?" என்று கால் மணி நேரம் பேசுகிற வீடுகள் எத்தனை?

திருமணமாகி ஐந்து, பத்து ஆண்டுகளுக்குள் இருக்கும் சின்னக் குடும்பங்களுக்காக இந்தப் பாடத்தை எழுதுகிறோம். அவர்களோடு ஒரே வீட்டில் இருக்கும் மாமியார், மாமனாரும் படித்தால் நல்லது.

ஒரு வீட்டின் ரமளான்

ஓர் உதாரணத்திலிருந்து தொடங்குவோம். இது எந்த ஒரு குடும்பத்தின் கதையும் அல்ல. பல வீடுகளில் பார்ப்பதை ஒன்றாகச் சேர்த்துச் சொல்கிறோம்.

கணவர் ஒரு ஹார்டுவேர் கடையில் வேலை பார்க்கிறார். மாதம் 18,000 ரூபாய் சம்பளம். அதில் 5,000 ரூபாய் வீட்டு வாடகைக்குப் போய்விடும். மனைவி வீட்டிலிருந்தே கொஞ்சம் தையல் தைக்கிறார். மூத்த மகனுக்கு ஆறு வயது. இளையது ஐந்து மாதக் கைக்குழந்தை. கணவரின் அம்மாவும் கூடவே இருக்கிறார்.

மனைவி அதிகாலை மூன்றேகாலுக்கு எழுந்து சோறு வடித்து, ஆணம் சூடாக்கி, எல்லோரையும் ஸஹருக்கு எழுப்புகிறார். பஜ்ரு தொழுதுவிட்டு மற்றவர்கள் கொஞ்சம் கண்ணயரும்போது குழந்தை எழுந்துவிடுகிறது. பிறகு மகனைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்ப வேண்டும், துணி துவைக்க வேண்டும், பெருநாளுக்கு வந்திருக்கும் தையல் வேலையையும் பார்க்க வேண்டும். அஸருக்குப் பிறகு வடை, சமோசா. நோன்பு திறந்ததும் பாத்திரம். எல்லோரும் தராவீஹுக்குப் போனபின் இரவுச் சாப்பாடு. படுக்கும்போது மணி பதினொன்றைத் தாண்டிவிடுகிறது.

அவர் பால் கொடுக்கும் தாய். நோன்பு தொடங்கி பத்து நாளில் பால் குறைந்துவிட்டது போலத் தெரிகிறது. குழந்தை இரவெல்லாம் அழுகிறது. நோன்பை விட அனுமதி உண்டு என்று அவர் கேள்விப்பட்டிருக்கிறார். ஆனால் மாமி ஒருநாள் பேச்சோடு பேச்சாக, "நாங்கள்லாம் நாலு பிள்ளை பெத்தோம், ஒரு நோன்பு விட்டதில்ல" என்று சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு வாய் திறக்க அவருக்கு மனம் வரவில்லை.

கணவருக்கும் ஒரு பாரம் இருக்கிறது. அம்மாவுக்கும் மனைவிக்கும் சேலை, பிள்ளைகளுக்குத் துணி, தங்கை வீட்டுக்குக் கொடுக்க வேண்டியது, பெருநாள் பிரியாணிக்குக் கறி. போன வருடம் செய்ததை இந்த வருடம் குறைத்தால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்? ரமளான் பிறை 20-இல் கடைத்தெருவில் தண்டல்காரரிடம் கை நீட்டிவிட்டார். வீட்டில் சொல்லவில்லை.

பெருநாள் நல்லபடியாகவே போனது. எல்லோர் உடம்பிலும் புதுத் துணி. ஒரு வாரம் கழித்து வாசலில் ஒருவர் வந்து, "வீட்டுக்காரர் இருக்காராம்மா? மூணு நாள் பாக்கி நிக்குது" என்றார். இரவில் மனைவி கேட்டபோது கணவர், "அது கடைக் கணக்கு, உனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இந்த வீட்டில் யாரும் கெட்டவர்கள் இல்லை. மூவருமே தொழுகிறவர்கள், நோன்பு வைக்கிறவர்கள். இருந்தும் மனைவி தன் களைப்பை மறைத்தார், கணவர் தன் கடனை மறைத்தார். இருவரும் மற்றவரைச் சந்தோஷப்படுத்தத்தான் மறைத்தார்கள். பெருநாளுக்கு மறுநாள் அந்த வீட்டில் மிஞ்சியது ஒரு நோயாளித் தாயும், ஒரு பொய்யும், தினமும் கட்ட வேண்டிய 200 ரூபாயும்தான்.

முதல் பாடம்: வீட்டு வேலை யாருடையது?

நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது என்ன செய்வார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டது. தம் குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள் என்றும், தொழுகை நேரம் வந்ததும் தொழுகைக்குப் புறப்பட்டுவிடுவார்கள் என்றும் அவர்கள் பதில் சொன்னார்கள். இது புகாரியில் இருக்கும் செய்தி. தம் துணியைத் தாமே தைத்தார்கள், செருப்பைத் தாமே சரிசெய்தார்கள் என்றும் வேறு அறிவிப்புகளில் வருகிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆயிஷா (ரலி) அவர்கள் வீட்டு வேலையையும் தொழுகையையும் ஒரே பதிலில் அடுத்தடுத்துச் சொன்னார்கள். வணக்கசாலி என்றால் வீட்டு வேலையில் கை வைக்காதவர் என்ற எண்ணம் நபிகளாரின் வீட்டில் இருக்கவில்லை.

இன்னொரு நிகழ்ச்சியும் புகாரியில் உள்ளது. அபுத்தர்தா (ரலி) அவர்கள் பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை என்று இருந்தார்கள். அவர்களுக்குச் சகோதரராக ஆக்கப்பட்டிருந்த சல்மான் (ரலி) அவர்கள் வீட்டுக்கு வந்தபோது, உம்முத் தர்தா (ரலி) அவர்கள் தம்மைக் கவனித்துக்கொள்ளாமல் சாதாரண உடையில் இருப்பதைப் பார்த்தார்கள். விஷயம் புரிந்துவிட்டது. இறைவனுக்கு ஓர் உரிமை இருப்பதுபோல் உம் உடலுக்கும் உரிமை உண்டு, உம் குடும்பத்துக்கும் உரிமை உண்டு. அவரவர் உரிமையை அவரவருக்குக் கொடும் என்று தோழருக்கு எடுத்துச் சொன்னார்கள். நபி (ஸல்) அவர்களிடம் இது சொல்லப்பட்டபோது, சல்மான் சொன்னது உண்மைதான் என்றார்கள். நஃபிலான வணக்கங்கள்கூட மனைவியின் உரிமையை விழுங்கக் கூடாது என்பதே இதில் உள்ள பாடம்.

நடைமுறையில் என்ன செய்யலாம்? பெரிய மாற்றம் வேண்டாம். பள்ளிவாசலிலிருந்து தூக்குவாளியில் கஞ்சி வாங்கி வருவதோடு நம் வேலை முடிந்தது என்று நினைக்காமல், நோன்பு திறந்தபின் பாத்திரம் கழுவுவது ஆண்கள் பொறுப்பு என்று வைத்துக்கொள்ளலாம். கஞ்சி இருக்கும்போது தினமும் எண்ணெய்ப் பலகாரம் தேவையா என்று யோசிக்கலாம். வாரத்துக்கு இரண்டு நாள் என்று குறைத்தால் அடுப்படியில் ஒரு மணி நேரம் மிச்சம். வாரத்தில் ஓரிரு இரவாவது கணவர் குழந்தையை வைத்துக்கொண்டு மனைவியை நிம்மதியாகத் தராவீஹ் தொழவிடலாம். அந்த ஒரு மணி நேரத்துக்காக ஏங்குகிற இளம் தாய்மார்கள் நம் ஊரில் நிறைய இருக்கிறார்கள்.

இரண்டாம் பாடம்: பால் கொடுக்கும் தாயின் நோன்பு

கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் நோன்பில் அல்லாஹ் சலுகை அளித்திருக்கிறான் என்பது நபிமொழி. திர்மிதி உள்ளிட்ட நூல்களில் இது பதிவாகியிருக்கிறது. நோன்பைப் பற்றிய வசனத்திலேயே அல்லாஹ் நமக்கு இலகுவை நாடுகிறான், கஷ்டத்தை நாடவில்லை என்ற கருத்தும் வருகிறது (2:185).

தனக்கோ குழந்தைக்கோ கெடுதல் வரும் என்று அஞ்சும் தாய் நோன்பை விட்டுவிட்டுப் பிறகு களாச் செய்யலாம். களாவோடு ஃபித்யாவும் கொடுக்க வேண்டுமா என்பதில் ஷாஃபி, ஹனஃபி மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உண்டு. உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் சலுகை இருக்கிறது என்பதில் வேறுபாடு இல்லை.

பிறந்து ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே உணவு என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அந்த வயதுக் குழந்தை ஒரு நாளில் ஆறு தடவைக்கும் குறைவாகச் சிறுநீர் கழித்தாலோ, எடை ஏறாமல் நின்றாலோ, தாய்க்குத் தலைசுற்றல் வந்தாலோ அதை அலட்சியம் செய்யக் கூடாது. மருத்துவரைப் பார்க்க வேண்டும். எல்லாத் தாய்க்கும் பால் குறையும் என்பதில்லை. நோன்பு வைத்து நன்றாக இருக்கிறவர்களும் உண்டு. முடியாதவரை முடிந்தவரோடு ஒப்பிட்டுப் பேசுவதுதான் தவறு.

மாமியார்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் பட்ட கஷ்டம் பெரியது. அதற்கான கூலி அல்லாஹ்விடம் இருக்கிறது. ஆனால் உங்கள் மருமகள் உங்களிடம் வந்து, "மாமி, இன்னிக்கு முடியல" என்று பயமில்லாமல் சொல்ல முடிந்தால், அந்தப் பேரக்குழந்தைக்கு நீங்கள் செய்யும் உதவி அதுவே. "விடும்மா, அப்புறம் களா வச்சுக்கலாம்" என்று உங்கள் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லுக்கு இருக்கும் பலம், அவள் கணவன் சொல்லும் பத்துச் சொல்லுக்கும் கிடையாது.

ஆயிஷா (ரலி) அவர்கள் தமக்கு விடுபட்ட நோன்புகளை அடுத்த ஷஃபான் மாதத்தில் களாச் செய்ததாக புகாரியில் காண்கிறோம். ஆகவே களா நோன்பு வைக்கும் பெண்ணுக்கு வீட்டிலுள்ளவர்கள் அந்த நாளில் வேலையைக் குறைத்துத் தர வேண்டும். ரமளானில் எல்லோரும் சேர்ந்து நோற்பது எளிது. எல்லோரும் சாப்பிடும் வீட்டில், சமைத்துக்கொண்டே தனியாக நோற்பது கடினம்.

மூன்றாம் பாடம்: பெருநாள் கணக்கு

தண்டல் கணக்கை ஒருமுறை எழுதிப் பார்ப்போம். 20,000 ரூபாய் என்று எழுதிக்கொண்டு, 3,000 ரூபாயை முதலிலேயே பிடித்துக்கொண்டு, கையில் 17,000 தருவார்கள். தினம் 200 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். அந்த 3,000 ரூபாய்க்கு எந்தப் பெயர் வைத்தாலும் அது வட்டிதான். வட்டியை அல்லாஹ் ஹராமாக்கியிருக்கிறான் (2:275). நோன்பு வைத்த வயிற்றோடு அந்தப் பணத்தை வாங்குகிறோம்.

ரமளான் பிறை 20-இல் வாங்கினால் ரமளானில் 10 நாள், ஷவ்வால் முழுவதும், துல்கஅதா முழுவதும் கட்டி முடித்து துல்ஹஜ் பிறை 10 வரும்போது ஏறக்குறைய 80 நாள்தான் ஆகியிருக்கும். அதாவது ஹஜ்ஜுப் பெருநாள் வந்துவிடும். நோன்புப் பெருநாள் துணிக்கு இன்னும் 4,000 ரூபாய் பாக்கி இருக்கும்.

நபி (ஸல்) அவர்கள் தொழுகையில் பாவத்திலிருந்தும் கடனிலிருந்தும் பாதுகாப்புத் தேடுவார்கள். கடனிலிருந்து இவ்வளவு அதிகமாகப் பாதுகாப்புத் தேடுகிறீர்களே என்று ஒருவர் கேட்டார். கடன்பட்ட மனிதன் பேசினால் பொய் சொல்ல நேரிடுகிறது, வாக்களித்தால் மீற நேரிடுகிறது என்று விளக்கம் சொன்னார்கள் (புகாரி). "அது கடைக் கணக்கு" என்று மனைவியிடம் சொன்ன அந்தக் கணவரை இப்போது நினைத்துப் பாருங்கள். பொய் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. கடன் அவரைச் சொல்ல வைத்தது.

இதற்கு மாற்று என்ன? ஷவ்வால் முதல் ஷஃபான் வரை 11 மாதங்கள் இருக்கின்றன. மாதம் 750 ரூபாய் உண்டியலில் போட்டால் 8,250 ரூபாய் சேரும். 17,000 ரூபாய்ப் பெருநாளை 8,000 ரூபாய்ப் பெருநாளாக ஆக்க முடியுமா? கணவனும் மனைவியும் ஒரு தாளில் எழுதினால் முடியும். பிள்ளைகளுக்குப் புதுத் துணி வேண்டும். பெரியவர்கள், இருக்கும் நல்ல துணியைத் துவைத்து இஸ்திரி போட்டு உடுத்தினால் போதும். பெருநாளில் இருப்பதில் நல்லதை உடுத்துவதே சுன்னத். கடையில் புதிதாக வாங்கத்தான் வேண்டும் என்று மார்க்கம் கேட்கவில்லை. செலவில் வீண் விரயமும் கூடாது, கஞ்சத்தனமும் கூடாது, இரண்டுக்கும் நடுவில் இருப்பதே நல்லடியார்களின் குணம் என்று குர்ஆன் சொல்கிறது (25:67).

தாளில் முதலில் எழுத வேண்டியது ஃபித்ரா. கைக்குழந்தை உட்பட வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பேருக்கும் கணக்கிட வேண்டும். ஒரு ஸாஉ என்பது ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று கிலோ. உங்கள் மத்ஹபுக்குரிய அளவையும் தொகையையும் ஊர் ஜமாஅத் அறிவிக்கும். பெருநாள் தொழுகைக்கு மக்கள் புறப்படுவதற்கு முன் அது உரியவர் கையில் சேர வேண்டும்.

தலைப் பெருநாள் சீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. மருமகனுக்குத் துணிமணி, பணம், பலகாரம் என்று பெண் வீட்டார் கடன் வாங்கிக் கொண்டுவருகிறார்கள். "வேண்டாம் மாமா, நீங்க வந்து எங்களோட சாப்பிட்டாப் போதும்" என்று மருமகன் முன்கூட்டியே சொல்லிவிட்டால் ஒரு தகப்பனின் தூக்கம் திரும்பி வரும். இதை மருமகன்தான் சொல்ல வேண்டும். பெண் வீட்டார் தாமாகக் கேட்க முடியாது.

ஏற்கெனவே கடனில் விழுந்துவிட்டவர்கள் வெட்கப்பட்டு ஒளிந்துகொள்ள வேண்டாம். ஸகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரில் கடன்பட்டவரும் ஒருவர் (9:60). பல ஊர்களில் பைத்துல்மால் வழியாக வட்டியில்லாக் கடன் கொடுக்கிறார்கள். முதலில் மனைவியிடம் சொல்லுங்கள். பிறகு ஜமாஅத்தில் நம்பகமான ஒருவரிடம் சொல்லுங்கள்.

நான்காம் பாடம்: பிள்ளைகளுக்கு எது நினைவில் நிற்கும்?

ஆஷூரா நோன்பன்று நபித்தோழியர் தங்கள் சிறு பிள்ளைகளையும் நோன்பு வைக்கச் செய்தார்கள். பசித்து அழும் பிள்ளைக்குக் கம்பளியில் விளையாட்டுப் பொருள் செய்து கொடுத்து, நோன்பு திறக்கும் நேரம் வரை சமாளித்தார்கள் என்று ருபைய்யிஃ பின்த் முஅவ்வித் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள் (புகாரி). பிள்ளையை நோன்புக்குப் பழக்கவும் செய்தார்கள், அதன் அழுகையை மதித்து விளையாட்டும் கொடுத்தார்கள். நாம் பல நேரம் பிள்ளை கையில் செல்போனைக் கொடுத்துவிட்டுத் தப்பித்துக்கொள்கிறோம்.

ஆறு வயதுப் பிள்ளை "நானும் நோன்பு" என்று அடம்பிடித்தால், லுஹர் வரை இருக்கட்டும். ளுஹா நேரத்தில் தண்ணீர் கேட்டால் கொடுத்துவிடுங்கள், கேலி செய்யாதீர்கள். பேரீச்சம்பழத் தட்டை எடுத்து வைப்பது, பக்கத்து வீட்டுக்குக் கஞ்சி கொடுத்து வருவது போன்ற வேலைகளை அவன் பொறுப்பாக்குங்கள். பக்கத்து வீட்டவர் முஸ்லிமாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஃபித்ரா அரிசியை அளக்கும்போது ஒரு படியாவது அவன் கையால் அளக்கட்டும். இருபது வருடம் கழித்து சட்டையின் நிறம் மறந்துபோகும். அத்தாவோடு உட்கார்ந்து அரிசி அளந்தது மறக்காது.

ஐந்தாம் பாடம்: பெருநாள் காலை

பெருநாள் இரவு மணி ஒன்று வரை மசாலா அரைத்து, காலையில் கண் எரிய எழுந்து, எல்லோரையும் தொழுகைக்கு அனுப்பிவிட்டு அடுப்படியில் நிற்பதுதான் பெண்களின் பெருநாளா? கன்னிப் பெண்கள், மாதவிடாயில் இருப்பவர்கள் உட்பட எல்லாப் பெண்களையும் பெருநாள் திடலுக்கு வரச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். மாதவிடாயுள்ளவர்கள் தொழும் இடத்தை விட்டு ஒதுங்கியிருந்து, நன்மையிலும் துஆவிலும் கலந்துகொள்வார்கள். உம்மு அதிய்யா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரியில் உள்ளது. பெண்களுக்கு ஏற்பாடு உள்ள ஊராக இருந்தால் குடும்பத்தோடு புறப்படுங்கள். காலையில் ஒற்றைப்படையாகப் பேரீச்சம்பழம் சாப்பிட்டுப் புறப்படுவதும், போன வழியில் வராமல் வேறு வழியில் திரும்புவதும் நபிவழி. மகனைத் தோளில் வைத்துக்கொண்டு வேறு தெரு வழியாக நடந்து வர ஒரு ரூபாயும் செலவில்லை.

பெருநாளில் அபிசீனியர்கள் ஈட்டி விளையாட்டுக் காட்டியபோது, ஆயிஷா (ரலி) அவர்கள் தாமே சலித்துப் போதும் என்று சொல்லும்வரை நபி (ஸல்) அவர்கள் அவர்களோடு நின்றுகொண்டிருந்தார்கள். மனைவிக்காகக் காத்து நின்ற அந்த நேரமும் பெருநாளில் சேர்ந்ததுதான். சமையலை ஒரே வகையாக வைத்துக்கொண்டு, மாலையில் மனைவியையும் பிள்ளைகளையும் கடற்கரைக்கோ பூங்காவுக்கோ சும்மா நடத்திக் கூட்டிப் போங்கள்.

ரமளானை வீட்டில் நிறுத்தி வைப்போம்

நோன்பு மாதத்தில் குடும்பம் முழுவதும் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிடுகிறது. மஃக்ரிப் பாங்குக்கு ஐந்து நிமிடம் முன்பு எல்லோரும் ஒன்றாக அமைதியாகக் காத்திருக்கிறார்கள். வருடத்தில் வேறு எந்த மாதத்திலும் அது நடப்பதில்லை. ஷவ்வாலில் ஆறு நோன்பு நோற்பதற்குப் பெரும் நன்மை இருக்கிறது. அதோடு, ஒருவேளைச் சாப்பாட்டையாவது செல்போன் இல்லாமல் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் பழக்கத்தையும் ஷவ்வாலுக்குக் கொண்டுபோக வேண்டும். அந்தப் பாயில் உட்கார்ந்துதான் களைப்பையும் கடனையும் சொல்லிக்கொள்ள முடியும்.

வீட்டில் உட்கார்ந்து பேச

1. நோன்பு மாதத்தில் நம் வீட்டில் கடைசியாகப் படுப்பவர் யார்? முதலில் எழுபவர் யார்? இருவரும் ஒரே ஆளா?

2. பெருநாளுக்காக வாங்கிய கடன் ஏதாவது இன்னும் பாக்கி இருக்கிறதா? அது வீட்டில் மற்றவருக்குத் தெரியுமா?

3. நம் பெருநாள் செலவில் எவை மார்க்கம் கேட்டவை, எவை பிள்ளைகள் கேட்டவை, எவை ஊர் வாய்க்குப் பயந்தவை? மூன்று பத்தியாக எழுதுங்கள்.

4. விடுபட்ட நோன்புகளைக் களாச் செய்ய வீட்டுப் பெண்களுக்கு எந்தெந்த நாள் வசதி? அந்த நாட்களில் சமையல் யார் பொறுப்பு?

5. இன்றே ஓர் உண்டியல் வைத்தால், அடுத்த ரமளானுக்குள் எவ்வளவு சேரும்?

மனைவி மக்களைக் கண்குளிர்ச்சியாக ஆக்கித் தரும்படி துஆச் செய்யக் குர்ஆன் நமக்குக் கற்றுக்கொடுக்கிறது (25:74). அந்தத் துஆவை வழக்கமாக நமக்காகக் கேட்கிறோம். மனைவி மக்களின் கண்ணுக்கு நாமும் குளிர்ச்சியாக இருக்கும்படி சேர்த்துக் கேட்போம். வல்ல ரஹ்மான் நம் வீடுகளில் நிம்மதியையும் பரக்கத்தையும் நிலைக்கச் செய்வானாக. ஆமீன்.